பச்சை இங்க்: ஒரு வருஷம் மட்டும்!

பப்ளிக் எக்ஸாம் வினாத்தாளிலேயே போட்டிருக்கும்: எழுதவும் அடிக்கோடிடவும் நீலம் அல்லது கருப்பு மைதான். பச்சை என்றால் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து! அட்டெஸ்டேஷனுக்காக முன்பு படப்பையிலிருந்து தாம்பரத்துக்கு பஸ் ஏறிய அண்ணன்மார்களைக் கேளுங்க, சொல்வாங்க.

அந்தப் பச்சையையே ஜெர்மனியின் பெலிகன் கம்பெனி 2018ல் 'இந்த ஆண்டின் இங்க்' என்று இறக்கியது. எடெல்ஸ்டைன் வரிசையில், 50 மி.லி. பாட்டில், பெயர் ஒலிவைன், நிறம் ஆலிவ் பச்சை. 2019ல் ஸ்டார் ரூபி என்ற சிவப்பு வந்தது. ஒலிவைன் பிடித்துப்போனவர்கள் பழைய ஸ்டாக்கைத் தேடி அலைய வேண்டியதாயிற்று.

'அப்புறம் கிடைக்காது' என்பது ஒரு இங்க் வாங்கக் காரணமே இல்லை. அதே வரிசையில் அவெஞ்சுரின் என்ற பச்சை வழக்கமான நிறமாகவே விற்றதே! தினமும் எழுதுகிறவர்களுக்கு, தீர்ந்தால் மறுபடி வாங்க முடிகிற இங்க்தான் லாயக்கு.

எந்தப் பச்சையானாலும் முதலில் சாதா நோட்டில் ஒரு வரி எழுதுங்க. பத்து விநாடி கழித்து விரலால் தேய்த்துப் பாருங்க. ஒரு சொட்டுத் தண்ணீரும் விடுங்க. எழுத்து பரவினாலோ பின்பக்கம் ஊறினாலோ, லிமிடெட் எடிஷன் என்ற பெயர் அதைக் காப்பாற்றாது.

தேறிவிட்டதா? தாராளமாக ரஃப் நோட்டில் எழுதுங்க. அங்கே எல்லோருமே கெஜட்டட் ஆபீசர்தான் :-)