ஆலமரத்தடி

நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபேட்டை, 1866ஆம் ஆண்டிலேயே நகராட்சியாயிற்று. தெருவைக் கூட்டுவது யார், கழிவுநீர் எவ்வழி செல்ல வேண்டும், சந்தையில் எவர் எங்கே கடை விரிக்கலாம் என்பனவற்றுக்கெல்லாம் அங்கே விதிகள் உண்டு. அவ்வூர் இளைஞர் இன்று நாள்தோறும் நடமாடும் தெருக்களுள் சில கைப்பேசிக்குள் இருக்கின்றன. வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, தெருவுக்கு ஒன்று, தோல் தொழிற்சாலையில் உடன் பணிபுரிவோருக்கு ஒன்று. இத்தெருக்களைக் கூட்டுவது யார் என்பதைப் பெரும்பாலான குழுக்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பாராமை உயிரைப் பறித்ததும் உண்டு. 2018ஆம் ஆண்டில், குழந்தை கடத்தும் கும்பல் வந்துவிட்டது என்னும் வதந்தி வட மாவட்டங்களில் கைப்பேசிவழிப் பரவியது. அவ்வாண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, உறவினருடன் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கண்டோர் ஐயுற்றனர், கூட்டம் திரண்டது, மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். வதந்தியைப் புனைந்தவர் எவராயினும், உண்மையா என்று கேளாமல் அதை அடுத்த குழுவுக்கு அனுப்பியவர் மிகப் பலர். அவர்களுள் பெரும்பாலோர், பிறரை எச்சரிப்பதாகவே எண்ணியிருப்பர் என்பதுதான் அச்சமூட்டுகிறது.

அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பிட்டது. பொய்யின் வேகத்துக்குத் தடை கிடைத்தது. 'இதை எங்கிருந்து அறிந்தீர்கள்?' என்று கேட்கும் பழக்கத்தை எந்த நிறுவனமும் செயலிக்குள் வைத்துத் தர இயலாது. உறுப்பினர் இடும் தகாத செய்திக்கு, பொதுவான தீய நோக்கம் இருந்தாலன்றிக் குழு நிர்வாகி குற்றப் பொறுப்பாளி ஆகார் என மும்பை உயர்நீதிமன்றம் 2021இல் கூறியது. தீர்ப்பு முறையானதே. ஆயினும், ஆளைச் சேர்ப்பதும் வெளியேற்றுவதும் மட்டுமே நிர்வாகம் எனக் கருதும் குழுவில் நல்லுரையாடல் வளர்வதில்லை.

வேறு வகையில் இயங்கும் இணையச் சமூகம் ஒன்று தமிழிலேயே உண்டு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்கக் காலத்தில் பெரும்பணி ஆற்றியவர், இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். ஊதியம் பெறாத தன்னார்வலரின் உழைப்பால் 2017இல் அங்குக் கட்டுரைகள் ஒரு லட்சத்தைக் கடந்தன. அச்சமூகத்தின் பொது உரையாடல் இடத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். ஊர்ப்பொதுவில் கூடிப் பேசும் வழக்கத்தை நினைவூட்டும் அழகிய பெயர் அது.

அங்கு எவரும் எழுதலாம். எவர் எழுதியதையும் எவரும் திருத்தலாம். கேட்டவுடன் குழப்பமே மிஞ்சும் எனத் தோன்றும். மிஞ்சாமைக்குக் காரணம், ஒவ்வொரு திருத்தமும் அக்கட்டுரையின் 'வரலாறு' பகுதியில் நிலைத்துவிடுவதே. தவறான திருத்தத்தை நொடியில் மீட்கலாம். ஆதலால் தவறியவரைத் துரத்த வேண்டிய அவசரம் இல்லை. புதியவர் பழகிப் பார்க்க 'மணல்தொட்டி' உண்டு. நிர்வாகிகளைப் பயனர்களே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். விஷமியைத் தடைசெய்யும் அதிகாரம் நிர்வாகிக்கு உண்டெனினும், அத்தடையும் எல்லோரும் காணும் பதிகையில் ஏறிவிடும்.

பாலாற்றைப் பற்றி அங்கு எழுதப் புகுவோரை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் தோல் கழிவால் கிணற்றை இழந்த உழவரின் மகன். மற்றொருவர் ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையின் ஊதியத்தில் படித்த மகள். இருவர் சினமும் நேர்மையானதே. அங்கோ சினம் சான்றாகாது. வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்னும் நெறியை உச்சநீதிமன்றம் 1996இல் நிலைநாட்டியதைச் சான்றுடன் எழுதலாம். தொழிலை நம்பி வாழ்வோரைப் பற்றியும் சான்றுடன் எழுதலாம். பிணக்கு எழுந்தால் கட்டுரைக்குரிய உரையாடல் பக்கத்தில் வாதிட வேண்டும். கிரந்த எழுத்தை ஏற்பதா, இலங்கை வழக்கா தமிழ்நாட்டு வழக்கா என்றெல்லாம் அச்சமூகம் நெடிது விவாதித்துள்ளது. ஒரு பொருளுக்கு இரு பெயர் வழங்கினால், ஒன்றைத் தலைப்பாக்கி மற்றதிலிருந்து அதற்கு 'வழிமாற்று' அமைப்பதும் அங்குள்ள வழக்கம். தோற்றவர் பெயரும் அழிவதில்லை.

இம்முறை மெதுவானது, சில வேளைகளில் சலிப்பூட்டுவது. ஒரு சொல்லுக்காக வாரக்கணக்கில் வாதிட எல்லோருக்கும் பொறுமை இராது. சிலரே பெருஞ்சுமையைச் சுமந்து களைத்துப்போவதும் உண்டு. எனினும் அதிகாரம் கண்காண நடைபெறுகிறது என்பதே அங்குள்ள அமைதிக்குக் காரணம்.

வகுப்புக் குழுவில் மாணவி ஒருவரின் படத்தைச் சிதைத்து ஒருவன் இடுகிறான் எனக் கொள்வோம். நாற்பது பேர் பார்க்கின்றனர், எவரும் பேசுவதில்லை. பேசாமை அவளுக்கு நாற்பது பேரின் ஒப்புதலாகவே தோன்றும். 2022 முதல், பிறர் இட்ட செய்தியையும் அனைவர் பார்வையிலிருந்தும் நீக்கும் வசதி வாட்ஸ்அப் குழு நிர்வாகிக்குக் கிடைத்துள்ளது. நீக்கியவர் நிர்வாகி என்னும் குறிப்பைச் செயலியே காட்டிவிடும். ஏன் நீக்கினார் என்பதை அவர்தான் அதன்கீழ் எழுத வேண்டும்.