எந்த ஊர் மணி?

என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் சென்ற கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போய்விட்டு ஏழு முக ருத்ராட்சம் ஒன்றுடன் திரும்பினார். கூடவே லேமினேட் செய்த சான்றிதழ். எடை, மில்லிமீட்டரில் விட்டம், எக்ஸ்ரே படம், ‘தோற்றம்: நேபாளம்’. மதியச் சாப்பாட்டு மேசையில் அதை வைத்து அரை மணி நேரம் விவாதம் நடந்தது. நேபாள மணிதான் ஒரிஜினல் என்று ஒரு கட்சி. ஜாவா மணிக்கும் அதே பலன் உண்டு, விலைதான் கம்மி என்று இன்னொரு கட்சி. ஒருவர் ஜாவா மணியை ‘லைட் வெர்ஷன்’ என்றார், எல்லோரும் சிரித்தார்கள்.

நான் போளூர்க்காரன். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மேற்கே ஜவ்வாது மலை. அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு வந்தது சிரிப்பல்ல, எரிச்சல். ஏன் என்று அங்கே சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மரம். நேபாள மணியும் ஜாவா மணியும் ஒரே மரத்தின் கொட்டை. எலியோகார்பஸ் கானிட்ரஸ் என்று பழைய புத்தகங்களிலும் எலியோகார்பஸ் அங்குஸ்டிஃபோலியஸ் என்று புதிய பட்டியல்களிலும் இருக்கும். இமயத்தின் அடிவாரத்தில் தொடங்கி, தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து வரை போகிற மரம். அங்கே அதற்கு ‘ப்ளூ குவாண்டாங்’ என்று பெயர். பழம் பளபளக்கும் நீலம். அந்த நீலத்தில் சாயமே கிடையாது. தோலின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம் அது. நீலகண்டனுக்கு இதைவிடப் பொருத்தமான பழம் கிடைக்காது. ஆனால் எந்தச் சான்றிதழிலும் இதைப் போடுவதில்லை, விலை ஏறாது அல்லவா.

‘முகம்’ என்பது கொட்டைக்குள் எத்தனை அறைகள் என்பதன் வெளிக்கோடு. பெரும்பாலும் ஐந்து. ஒரே மரத்தில், ஒரே கிளையில், நாலும் ஆறும் ஏழும் காய்க்கும். தண்ணீரில் போட்டால் மூழ்கும், இரண்டு செப்புக் காசுகளுக்கு நடுவே வைத்தால் சுற்றும் என்கிற சோதனைகள் மணி காய்ந்திருக்கிறதா என்பதையும் உங்கள் விரல் நடுங்குகிறதா என்பதையும் காட்டும். எக்ஸ்ரே மட்டும் உருப்படியானது. கோட்டைக் கத்தியால் கீறிச் சேர்த்திருந்தால் உள்ளே அதற்கேற்ற அறை இருக்காது, மாட்டிக்கொள்ளும்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சண்டையே அதில்தான். நேபாள மணி பெரிது, ஜாவா மணி சிறிது. நேபாளத்தின் கிழக்கு மலைகளில், போஜ்பூர், சங்குவாசபா பக்கம் விளைவதில் பெரிய மணிக்கும் முகம் கூடிய மணிக்கும்தான் விலை. நடு ஜாவாவில் கெபுமென் பகுதி விவசாயிகள் ‘கெனித்ரி’ என்று இதைத் தோட்டத்தில் வளர்க்கிறார்கள். அங்கே சிறிய மணிக்குத்தான் விலை அதிகம். அதனால் மரத்தின் பட்டையை வளையமாகச் சீவி, காய் பெருக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரே மரம், ஒரு நாட்டில் பெருத்தால் பொன், இன்னொரு நாட்டில் சிறுத்தால் பொன். இதற்கு நடுவில் சீனாக்காரர்கள் இதை ‘வஜ்ர போதி’ என்று பெயரிட்டுக் கைமணியாக உருட்டித் தேய்த்துச் சேகரிக்க ஆரம்பித்ததும் நேபாளத்தில் விலை எங்கோ போனது. இந்த ஏற்ற இறக்கத்தில் சிவபெருமானின் கண்ணீர் எந்த இடத்தில் விழுந்தது என்று யாராவது சொன்னால் தேவலை.

தென்னாட்டிலும் பங்காளிகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் எலியோகார்பஸ் டியூபர்குலேட்டஸ் என்கிற மரத்தையும் ஊர்க்காரர்கள் ருத்ராட்சம் என்றுதான் சொல்கிறார்கள். இலங்கைத் தமிழர்கள் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தின்கிற வெரளிக்காயும் அதே குடும்பம்.

‘நம்பிக்கையைக் கிண்டல் பண்றியா?’ என்று கேட்பீர்கள். இல்லை. என் தாத்தா சாகும்வரை கழுத்தில் கண்டிகை கட்டியிருந்தார். யாரோ காசியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. எந்த ஊர் மரம் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. துக்க வீட்டுக்குப் போகும்போது மட்டும் கழற்றி மாடத்தில் வைப்பார், வந்து குளித்துவிட்டு மறுபடி கட்டுவார். அவருடைய பக்தியில் எனக்குச் சண்டை இல்லை. ஊரைக் கேட்பதிலும் தப்பில்லை. ஆனால் ஊரைக் கேட்டே ஆக வேண்டிய மணிகள் அதே கடையில் பக்கத்து ஆணியில் தொங்குகின்றன. அவற்றை யாரும் கேட்பதில்லை.

சந்தன மாலை, செஞ்சந்தன மாலை. இரண்டாவதை வடக்கே ‘ரக்த சந்தன்’ என்கிறார்கள், அம்பாள் ஜபத்துக்கும் செவ்வாய்க்கும் உகந்தது என்று விற்கிறார்கள். ருத்ராட்சம் கொட்டை. பழம் பழுத்துக் கீழே விழும், பொறுக்கலாம், மரம் அடுத்த வருஷமும் காய்க்கும். சந்தனமும் செம்மரமும் அப்படி அல்ல. வைரம் பாய்ந்த நடுக்கட்டையைக் கடைந்துதான் மணி எடுக்க வேண்டும். அதாவது பல பத்தாண்டுகள் நின்ற மரத்தை யாரோ ஒருவர் வெட்டிச் சாய்க்க வேண்டும். அந்த ‘யாரோ ஒருவர்’ எங்கள் மலையிலிருந்து போனவராக இருக்கலாம்.

ஜவ்வாது மலை ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போனது. மலையடிவாரத்துத் திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு இருக்கிறது, ஏலம் நடக்கும். ஆனால் 2002-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தும்வரை உங்கள் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரம்கூட உங்களுடையதல்ல. மலையில் இருந்தவனுக்கு அந்த மரம் வாசனையாக இருந்ததில்லை, வழக்காகத்தான் இருந்தது. அந்த வழக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜவ்வாதுக்குத் தெற்கே சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி சாட்சி. 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று போன வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2023-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம்.

சந்தனம் தீர்ந்தது. பிறகு செம்மரம். அது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், முக்கியமாக ஆந்திராவின் சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா மலைகளில் மட்டும் இயற்கையாக வளர்வது. உலகத்தில் வேறெங்கும் காடாக இல்லை. 1995-லேயே சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் சீனாவுக்குப் போகிறது. நாற்காலி, அலமாரி ஆவது பாதி கதை. ‘சிற்றிலைச் சந்தனம்’ என்ற பெயரில் கைமணி மாலை ஆவதும் அதே கட்டைதான். உருட்ட உருட்ட மினுங்குமாம்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழ்நாட்டவர்கள், பலர் மலையாளிப் பழங்குடியினர், ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. கோடரியும் கல்லும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது படை. சிலர் முந்தின நாளே பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவர்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். தேசிய மனித உரிமை ஆணையம் வரை போனது. கட்டையை வாங்கியவர்கள், கப்பல் ஏற்றியவர்கள் யாரும் அந்தக் காட்டில் சாகவில்லை.

சாமை விதைத்து, புளியும் கடுக்காயும் பொறுக்கி, மீதி மாதங்களுக்குக் கூலி தேடி மலையிறங்குகிறவர்களுக்கு தரகர் காட்டும் பணம் பெரிய பணம். ஜமுனாமரத்தூர் டீக்கடையில் ஒரு பெரியவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். “போனவன் எல்லாம் திருடன்னு பேசறாங்க தம்பி. அந்தக் கட்டைய என்னா செய்வாங்கன்னுகூட எங்க பசங்களுக்குத் தெரியாது. மேசை செய்வாங்கன்னு ஒருத்தன் சொன்னான், மருந்துன்னு ஒருத்தன் சொன்னான்” என்றார். சாமிக்கு மாலையும் செய்வார்கள் என்று நான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “எந்த சாமிக்கு?” என்றார்.

செம்மர மாலை எல்லாமே திருட்டுக் கட்டை என்று நான் சொல்லவில்லை. பிடிபட்ட கட்டையை ஆந்திர அரசு ஏலம் விடுகிறது, தோட்டத்தில் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கடையில் சிவப்பாக விற்பதில் பாதி வேறு மரத்துக்குச் சாயம் பூசியதாகவும் இருக்கும். எதுவானாலும் ஒரு காகிதம் இருக்க வேண்டுமே. கீழே விழுந்து பொறுக்கிய கொட்டைக்கு எக்ஸ்ரே எடுத்து நாடு எழுதித் தரத் தெரிந்த வியாபாரத்துக்கு, மனிதர் செத்த காட்டிலிருந்து வரக்கூடிய கட்டைக்கு ஒரு வரி எழுதத் தெரியாதா? தெரியும். நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது எங்களுக்கு எவ்வளவு சக்தி வரும் என்பதை மட்டும்.

போன மாதம் கிரிவலப் பாதையில் ஒரு கடையில் நின்றேன். ருத்ராட்சம் கேட்டதும் கடைக்காரர் சான்றிதழ்க் கட்டை எடுத்துப் போட்டார். நேபாளம், இந்தோனேசியா, தனித்தனி ரப்பர் பேண்டு. பக்கத்து ஆணியில் இருந்த செஞ்சந்தன மாலையைக் காட்டி, “இது எந்த ஊருங்க?” என்றேன்.

“அது லோக்கல் சார்” என்றார். “அதுக்கெல்லாம் யாரும் சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க.”

“நான் கேக்கறேன்.”

மேலும் கீழும் பார்த்துவிட்டு மாலையைக் கழற்றிக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டார். பின்னால் நின்ற அம்மாள் ஐந்து முகம் என்ன விலை என்று கேட்டார், அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.