இரண்டாவது கோர்ஸ் எதற்கு?

"ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சு சர்டிபிகேட்டும் வாங்கிட்டீங்களே சார், மறுபடியும் எதுக்கு?" என்று ஆம்பூர் ரயிலடியில் பென்ஷன்தார நண்பர் ஒருவர் கேட்டார். கூட நின்ற இருவர் சிரித்தார்கள். அங்கே சொல்ல வராத பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதல் கோர்ஸில் நான் எதுவும் கற்கவில்லை. அது கல்லூரி ஒன்றின் மாலை நேர வகுப்பு. போர்டில் எழுதிப் போடுவதை ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்வோம். பகா எண் கண்டுபிடிக்கும் சி மொழி புரோகிராமை அரைப்புள்ளி மாறாமல் மனப்பாடம் செய்து தாளில் எழுதினேன். முதல் வகுப்பு கொடுத்தார்கள். காலமெல்லாம் அரசு அலுவலகத்தில் நகல் எடுத்த குமாஸ்தாவுக்கு அது ஒரு வித்தையா?

இரண்டாவது, என்பிடெல் வழியாகப் படித்த 8 வார பைத்தான் பாடம். சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தியது. பாடம் கேட்கக் கட்டணம் கிடையாது, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான். நாம் எழுதும் புரோகிராமைக் கம்ப்யூட்டரே ஓட்டிப் பார்த்து, சரியா தவறா என்று சொல்லிவிடும். அங்கே மனப்பாடம் செல்லாது.

பழகிப் பார்க்க, ஒரு வருட அகவிலைப்படி நிலுவையைக் கூட்ட நானே ஒரு புரோகிராம் எழுதினேன். தொகை குறைந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பைத்தானில் ரேஞ்ச் 1, 12 என்று கொடுத்தால் 11 வரைதான் போகும். டிசம்பர் விடுபட்டிருந்தது! புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாளில், 'திக்தே' என்னும் சொல்வதெழுதுதலில் பிழைக்குப் பிழை மதிப்பெண் வெட்டுவார்கள். பிழை என்றாலே அவமானம் என்று வளர்ந்தவன் நான். பிழைதான் வாத்தியார் என்பது எழுபதைத் தாண்டித்தான் தெரிந்தது.

தோல் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குரோம் ஏற்றி நீலமாக வரும் 'வெட் புளூ' தோல் அழுகாது, அவ்வளவுதான். அதை அப்படியே ஷூ தைக்க முடியுமா? சீவி, மறுபடி பதனிட்டு, சாயமும் எண்ணெயும் ஏற்ற வேண்டும். முதல் சர்டிபிகேட்டும் வெட் புளூதான்.

என் கதை கிடக்கட்டும். ஷூ கம்பெனியில் மெஷின் முன் உட்கார்ந்து சம்பாதித்த காசில் மகளை பிசிஏ சேர்க்கும் தாய்மார்கள் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் இருக்கிறார்கள். மூன்று வருடம் ரெக்கார்டு நோட்டு மட்டுமே எழுதிய பெண்ணிடம் வேலைக்கான நேர்காணலில் பத்து வரி சொந்தமாக எழுதச் சொன்னால் என்ன செய்வாள்? அது அவள் குற்றமா? தாளில் எழுதவைத்து மதிப்பெண் போட்டவர்களின் குற்றம்.

வழி இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிப்படி, ஒரு பருவத்தில் 40 சதவீதப் பாடங்கள் வரை ஸ்வயம் தளத்தில் படித்து கிரெடிட் பெறக் கல்லூரி அனுமதிக்கலாம். என்பிடெல் பாடங்களும் அதில் உண்டு. எத்தனை வகுப்புகளில் பிள்ளைகளிடம் இதைச் சொல்கிறார்கள்?

உங்கள் வீட்டில் பிசிஏ படிக்கும் பேத்தி இருந்தால் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். "இந்த வாரம் நீயே எழுதின புரோகிராம் என்னம்மா, அதில் எங்கே தப்பு வந்தது?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் நேரே கல்லூரி முதல்வரைப் போய்ப் பாருங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.