ஹெல்மெட் போட்டால் பாண்டை எங்கே வைப்பது?

மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ பழைய வீட்டை இடித்துவிட்டு பில்டரிடம் ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்தவர்கள், பிளான் அப்ரூவலுக்குக் கட்டிய ரசீதுகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மற்றக் கட்டணங்களுக்கு நடுவே தொழிலாளர் நல நிதி என்று ஒரு தொகை இருக்கும். கட்டுமானச் செலவில் நூற்றுக்கு 1 ரூபாய். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துக்குப் போகிற பணம் அது.

தமிழ்நாட்டில் இந்த வாரியம் 1994இலேயே வந்துவிட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் 1996இல்தான் வந்தது. அந்த வகையில் நாம் முந்திக்கொண்டோம். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பிரசவம், ஓய்வூதியம், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு உதவித்தொகை என்று வாரியம் செய்வதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விழுந்தபின் வாங்க வேண்டிய பணத்துக்கு இருக்கிற படிவமும் கவுன்ட்டரும், விழாமல் வேலை செய்யக் கற்றுக்கொடுக்க இல்லை.

எல்லா இடத்திலும் அப்படி என்றும் சொல்ல முடியாது. லஸ்ஸிலும் பனகல் பார்க்கிலும் அடையாறிலும் மெட்ரோவுக்குத் தோண்டுகிற இடங்களில் ஹெல்மெட், பளபளக்கும் ஜாக்கெட், வேலை தொடங்கும் முன் பாதுகாப்புப் பேச்சு எல்லாம் உண்டு. அங்கேயும் விபத்து நடக்காமல் இல்லை. 2025 ஜூனில் ராமாபுரம் பக்கம் கர்டர் விழுந்து சாலையில் போன ஒருவர் இறந்தார். இருந்தாலும் கேள்வி கேட்க அங்கே ஒரு பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார். அதே மயிலாப்பூரின் சந்துகளில், ஸ்டில்ட் பிளஸ் நாலு எழும்புகிற சைட்டுகளில் ஒரு மேஸ்திரி, அவர் கூட்டிவந்த பதினைந்து இருபது பேர், சவுக்குக் கம்பில் கட்டிய சாரம், அவ்வளவுதான். பணியிடப் பாதுகாப்புக்கான புதிய சட்டத் தொகுப்பின்படி 250 தொழிலாளர் இருந்தால்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். நம் தெருவில் அத்தனை பேருக்கு நிற்கவே இடம் கிடையாது.

எங்கள் பக்கத்து சைட்டில் மஞ்சள் ஹெல்மெட்டுகள் கம்பியில் வரிசையாகத் தொங்குகின்றன. இன்ஜினீயர் கார் தெருமுனையில் திரும்பினால் தலைக்கு ஏறும். புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டு, தலையில் சும்மாட்டோடு பாண்டில் கலவை சுமக்கிற சித்தாள் ஒருவரிடம், இதை மாட்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். “மாட்டிக்கினா பாண்ட எங்க வெக்கிறது சார்?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. நியாயம்தானே. தலைச்சுமை இருக்கும்வரை சித்தாளுக்கு ஹெல்மெட் கிடையாது. அப்படியானால் கலவை மேலே போக கப்பியோ ஹாய்ஸ்ட்டோ வேண்டும். ‘தலைக்கவசம் அணிவீர்’ என்று போர்டு எழுதுகிறவருக்கு இது தோன்றாது. பாண்டு சுமந்தவருக்குத்தான் தோன்றும்.

பாதுகாப்பைக் கற்றுக்கொடுக்க நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. தரமணியில், சர்தார் படேல் சாலையில், மத்திய அரசின் மண்டல தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. தொழிலகப் பாதுகாப்பில் டிப்ளமா தருகிறார்கள், நல்ல படிப்பு. படித்து வருகிறவர்கள் தொழிற்சாலைகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் போகிறார்கள். அங்கிருந்து மந்தைவெளிச் சந்துக்கு நாலைந்து கிலோமீட்டர்தான், ஆனால் அந்தப் பாடம் இங்கே வந்து சேரவில்லை.

கொண்டுவரக்கூடியவை தொழிற்சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும். காலையில் ஆள் கூடுகிற ஸ்டாண்டு எது, எந்த மேஸ்திரி எந்த ஊர் ஆளைக் கூட்டி வருகிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் 1996 சட்டத்தின் 22ஆம் பிரிவைப் படித்தால், வாரியம் மானியம் தரலாம் என்று இருக்கிறது, யாருக்கு? உள்ளாட்சி அமைப்புக்கு, இல்லையென்றால் முதலாளிக்கு. சங்கத்தின் பெயரோ தொண்டு நிறுவனத்தின் பெயரோ அந்த வரியில் இல்லை. பதினைந்து பேரை வைத்திருக்கிற மேஸ்திரி மானியம் கேட்டு வாரியத்தில் மனுப்போடுவார் என்று நினைத்தார்களோ என்னவோ.

அமெரிக்காவில் 1978 முதல் வேறு மாதிரி செய்கிறார்கள். வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கிற அவர்களுடைய அரசு அமைப்பு, லாப நோக்கில்லாத நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் கல்லூரிகளுக்கும் போட்டி முறையில் மானியம் கொடுக்கிறது. பருத்தித் தூசு, பென்சீன் போன்றவற்றின் ஆபத்தைக் கணக்கிட்ட அதிகாரி சூசன் ஹார்வுட் 1996இல் இறந்தபின் அவர் பெயரை அதற்கு வைத்தார்கள். படிப்புக் குறைந்தவர்கள், ஆங்கிலம் தெரியாதவர்கள், சின்ன நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் ஆகியோருக்கு அதில் முன்னுரிமை. நம் சைட்டில் ஒடியாவும் இந்தியும் தெலுங்கும் பேசுகிறவர்களுக்குத் தமிழ் போர்டு மாட்டியிருப்பதை நினைத்துக்கொண்டேன்.

“என்ஜிஓ கையில் பணம் கொடுத்தால் பேனர் கட்டி, போட்டோ எடுத்து, பிரியாணிப் பொட்டலத்தோடு முடிந்துவிடும்” என்பார்கள். நடக்கும், மறுக்கவில்லை. அதனால் பாடத்தை முன்னாலேயே பரிசோதிக்க வேண்டும். தயாரித்ததை எல்லோரும் இலவசமாக எடுத்தாளும்படி பொதுவில் வைக்க வேண்டும். அமெரிக்க மானியத்தில் இந்த ஏற்பாடு உண்டு. பேனருக்குப் பயந்து பணத்தைப் பூட்டி வைத்த கதையும் நமக்குத் தெரியும். நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் இந்தத் தொழிலாளர் நல நிதி வசூலாகி, 9,500 கோடி அளவுக்குத்தான் செலவாகியிருக்கிறது என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பயிற்சி எல்லாவற்றையும் தடுத்துவிடாது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்களே, எந்த வகுப்பும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. அது கட்டியவர்களின் குற்றம். ஆனால் சாரம் முறிவது, பள்ளத்தில் மண் சரிவது, ஈர ஒயரில் கை படுவது, இவை கற்றுக்கொடுத்தால் குறையும்.

1996 சட்டத்தின் நலவாரியம் பற்றிய பகுதி, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. சட்டம் மாறுகிற இந்த நேரத்தில் தொழிலாளர் நலத்துறை ஒன்று செய்யலாம். வாரியப் பணத்தில் ஒரு சிறு பங்கைப் பயிற்சிக்கென்று ஒதுக்கி, சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் கேட்டு வாங்க வழி வைக்கட்டும். பயிற்சிக்கு வருகிறவருக்கு அன்றைய கூலியையும் அதிலிருந்தே கொடுக்கட்டும். கூலி கெட்டால் சித்தாள் வர மாட்டார். வரச்சொல்ல நமக்கு வாயும் கிடையாது.