சப்பாத்துக்குள் பூரான், சுவரில் வெடிப்பு

தரம் 3 இல் படிக்கும் பிள்ளை ஒருத்தி அண்மையில் மூன்று நாட்கள் பாடசாலைக்கு வரவில்லை. நான்காம் நாள் ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் அம்மாவின் செருப்புமாக வந்தாள். காலையில் அவசரமாகச் சப்பாத்தை மாட்டியபோது உள்ளே கிடந்த பூரான் பெருவிரலைக் கடித்துவிட்டது. முதலில் மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். எரிச்சல் நிற்கவில்லை என்று பக்கத்துக் காம்பராவில் சுண்ணாம்பு வாங்கி அப்பியிருக்கிறார்கள். கடித்த வீக்கம் இரண்டாம் நாளே வடிந்துவிட்டது. பாடசாலைக்கு வராமல் நிறுத்தியது சுண்ணாம்பு வெந்த புண்தான். தாய்க்கு ஒருநாள் பேர் விழவில்லை, மறுநாள் அரைப் பேர்.

இதையெல்லாம் ஒரு சங்கப் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். சம்பளம், வீடு, காணி என்று பேச எவ்வளவோ இருக்கிறதுதான். ஆனால் இந்தப் பூரான் வந்தது அந்த வீட்டுக் கதையின் உள்ளேயிருந்து. அதனால் இம்முறை இதையே எழுதுகிறோம்.

முதலில் எது பூரான் என்று தெரிந்துகொள்வோம். வடக்கில் இதை மட்டத்தேள் என்பார்கள், சிங்களத்தில் பத்தேயா. உடம்பு தட்டையாக இருக்கும். ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சோடிக் கால். வெளிச்சம் பட்டவுடன் வேகமாக ஓடி ஒளியும். செத்த பூரான் ஒன்றைப் போத்தலில் போட்டு வகுப்பில் பிள்ளைகளோடு எண்ணிப் பார்த்தோம். 21 சோடிக் கால்கள் இருந்தன. நூறு இருக்கும் என்று பந்தயம் கட்டியவன் ஏமாந்துபோனான். எந்த வகைப் பூரானிலும் கால் சோடிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே வரும். கடிப்பது வாயால் அல்ல. தலைக்குக் கீழே கொடுக்குப் போல வளைந்திருக்கும் இரண்டும் முதல் சோடிக் கால்கள் உருமாறியவை. விஷம் அவற்றின் வழியாகத்தான் இறங்குகிறது.

மரவட்டை வேறு. அது உருண்டையாக இருக்கும், மெதுவாக ஊரும், தொட்டால் சுருண்டுகொள்ளும், கடிக்காது. அதன் உடம்பிலிருந்து வரும் நீர் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் மோசம். பிள்ளைகள் அதைக் கையில் எடுத்து விளையாடினால் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னால் போதும்.

பூரான் கடித்தால் கடுமையாக வலிக்கும், சிவந்து வீங்கும். அதனால் ஒருவர் இறந்துபோவது மிக மிக அரிது. கடித்த இடத்தைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். கை தாங்கும் அளவு சுடுநீரில் அரை மணித்தியாலம் வைத்தால் வலி குறையும். தண்ணீரின் சூட்டைப் பெரியவர் ஒருவர் முதலில் தன் கையை விட்டுப் பார்க்க வேண்டும். வலியில் துடிக்கும் பிள்ளைக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். ஐஸ் கிடைக்கும் இடத்தில் துணியில் சுற்றி ஒற்றியும் எடுக்கலாம். வலிக்குப் பரசிட்டமோல் போதும். ஏற்பு ஊசி போட்டிருக்கிறதா என்று தோட்ட டிஸ்பென்சரியில் கேளுங்கள். பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். மூச்சு முட்டினாலோ, முகம் உதடு வீங்கினாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, கடிபட்டது கைக்குழந்தை என்றாலோ வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று இருக்கிறது. இருட்டில் ஏதோ கடித்துவிட்டது, பார்த்தால் இரண்டு புள்ளிகள், “பூரான்தான், படுத்துக்கொள்” என்று சொல்லிவிடுகிறோம். பூரானும் இரண்டு புள்ளிதான் வைக்கும், பாம்பும் இரண்டு புள்ளிதான் வைக்கும். தேயிலைச் செடியடியிலும் விறகுக் குவியலிலும் கிடக்கும் குணகட்டுவா என்ற சிறு விரியன் கடித்தாலும் வலியும் வீக்கமும் வரும். அதன் விஷம் சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது. இரவில் வீட்டுக்குள் வரும் கரவலா கடித்தால் பல வேளைகளில் வலியே இருக்காது. விடியும்போது இமை தூக்க முடியாமல், மூச்சு விட முடியாமல் போகும். ஆகவே கடித்ததைக் கண்ணால் காணவில்லை என்றால் அதைப் பாம்பாகவே எடுத்துக்கொண்டு அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்று அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மேல் டிவிசனுக்கு அது ஏறி வர ரோட்டு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இல்லாத இடத்தில் இரவில் யாருடைய ஓட்டோவை எழுப்புவது என்று லயத்தார் முன்கூட்டியே பேசி வைத்திருப்பது நல்லது.

பூரான் ஏன் வீட்டுக்குள் வருகிறது? அதன் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. வெயிலிலும் உலர்ந்த இடத்திலும் காய்ந்து செத்துவிடும். எனவே பகலில் ஈரமும் இருட்டும் உள்ள வெடிப்புக்குள் பதுங்கிக் கிடந்து இரவில் கரப்பான், சிள்வண்டு, சிலந்தி தேடி வெளியே வரும். பெருமழையில் அது இருக்கும் பொந்தில் தண்ணீர் நிறைந்தால் நம் காம்பராவுக்குள் ஏறும்.

நாமே செய்யக்கூடியவை சில உண்டு. விறகைக் கட்டிலுக்கடியில் அடுக்காமல் வெளியே இரண்டு கல் வைத்து அதன்மேல் அடுக்கலாம். நனைந்த படங்கையும் சாக்கையும் கூடையையும் மூலையில் போடாமல் இஸ்தோப்பில் தொங்கவிடலாம். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவார்கள். கதவடியில் இருக்கும் இடைவெளியை உலர்ந்த துணியைச் சுருட்டி அடைக்கலாம். தண்ணீர் போகும் ஓட்டைக்குச் சிறு கம்பி வலை வைக்கலாம். கரப்பான் குறைந்தால் பூரானுக்குச் சாப்பாடு குறையும், எனவே இராத்திரிச் சட்டிபானையைக் கழுவாமல் வைக்காதீர்கள். கோழி பூரானைக் கண்டால் விடாது, ஆனால் கோழிக்கூட்டைச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் அதன் அடியிலேயே பூரான் குடியிருக்கும். சப்பாத்தையும் சட்டையையும் உதறிவிட்டுப் போடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் நாமும் சொல்கிறோம், வீட்டிலும் சொல்லுங்கள்.

ஒரு விடயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் மிச்சமான புல் மருந்தைப் போத்தலில் கொண்டுவந்து வெடிப்புக்குள் ஊற்றுவதை நாம் கண்டிருக்கிறோம். புல் மருந்து பூரானுக்கான மருந்து அல்ல. அந்தத் தரையில் தவழும் பிள்ளைக்கு அது நஞ்சு. சோடாப் போத்தலில் இருந்தால் சோடா என்று நினைத்துக் குடித்துவிடும்.

இத்தனையும் செய்தாலும் சுவர் வெடித்திருந்தால் பூரான் வரும். கான் அடைத்துத் தண்ணீர் அத்திவாரத்தில் தேங்கினால் வரும். தகரம் ஒழுகித் தரை எப்போதும் ஈரமாக இருந்தால் வரும். வெள்ளைக்காரன் காலத்தில் முதுகோடு முதுகாகக் கட்டிய லயங்கள் இவை. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்ட அத்தியட்சகரின் கடமை என்று எழுதி வைத்தது. அதை இயற்றியவர்கள் நம் பாட்டன்மாருக்காக உருகியவர்கள் அல்லர். கூலி நோயில் படுத்தால் கொழுந்து நின்றுவிடும் என்று கணக்குப் பார்த்தவர்கள். அவர்கள் பார்த்த கணக்கைக்கூடப் பார்க்காத நிர்வாகங்கள் இன்று இருக்கின்றன. 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகும் லயம் அதே லயம்தான். சொந்தச் செலவில் ஒரு மூடை சீமெந்து வாங்கிப் பூசப் போனால் “யாரைக் கேட்டுச் செய்தாய்” என்கிறார்கள். பூசித் தரச் சொன்னால் “புதிய வீடு வரப்போகிறதே” என்கிறார்கள். வீடு வரும்வரை பிள்ளை எங்கே படுப்பது?

வைகாசி மழை தொடங்குமுன் ஒவ்வொரு டிவிசனிலும் தலைவரும் மாதர் தலைவியும் லயம் லயமாகப் போய் வெடித்த சுவர், ஒழுகும் தகரம், அடைத்த கான் ஆகியவற்றைக் காம்பரா இலக்கத்தோடு எழுதுங்கள். பூரானோ பாம்போ கடித்தவர்கள் இருந்தால் டிஸ்பென்சரித் துண்டின் திகதியையும் குறியுங்கள். வாயால் சொன்னது நிற்காது. இரண்டு பிரதி எழுதி ஒன்றைத் தோட்டக் காரியாலயத்தில் கொடுத்து, மற்றதில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரதியை அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எழுத உதவி தேவையென்றால் பாடசாலை விட்டபின் நாம் இருக்கிறோம்.