குழாய் வந்தாலும் தொட்டி வேண்டும்

சீனாவின் வடமேற்கில், கான்சு மாகாணத்தில், டிங்சி என்ற வட்டாரம் உள்ளது. எங்குப் பார்த்தாலும் மஞ்சள் மண் குன்றுகள். அங்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 400 மில்லிமீட்டர்தான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஓர் ஆண்டில் 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், டிங்சியின் வறட்சி புரியும். ஆயினும், இன்று அவ்வட்டாரத்தைச் சீனாவின் உருளைக்கிழங்குத் தலைநகரம் என்று அழைக்கிறார்கள்.

இந்த மாற்றத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, வீட்டு முற்றத்தில் மண்ணுக்குள் தோண்டப்பட்ட மழைநீர்த் தொட்டி. கழுத்து குறுகி, வயிறு அகன்று, ஒரு பெரிய குடத்தைப் போல் இருக்கும். முன்னோர் அதன் உட்சுவரில் களிமண்ணைப் பூசினார்கள். இப்போது சிமெண்டு பூசுகிறார்கள். கூரையிலும் முற்றத்திலும் விழும் மழை அதற்குள் இறங்குகிறது.

1995ஆம் ஆண்டு கான்சுவைக் கடும் வறட்சி தாக்கியது. மலைக்கிராமங்களுக்கு லாரிகளில் தண்ணீர் கொண்டுபோக வேண்டிய நிலை. அப்போது மாகாண அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயர் ‘ஒன்று-இரண்டு-ஒன்று’. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மழைநீரைச் சேகரிக்கும் தளம் ஒன்று, தொட்டிகள் இரண்டு, பயிரிட நிலத்துண்டு ஒன்று. அரசு பொருளுதவி அளித்தது. குழி தோண்டும் வேலையைக் குடும்பத்தார் செய்தனர். 1996ஆம் ஆண்டு முடிவதற்குள் ஒரு மில்லியனுக்கும் அதிகமானோருக்குக் குடிநீர் கிடைத்தது.

குடிநீருக்குச் சரி, பயிருக்கு இந்தத் தண்ணீர் போதுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆகவே, 100 சதுர மீட்டர் தளத்தில் ஆண்டுக்கு 40,000 லிட்டர் விழும். ஆவியானதும் கசிந்ததும் போக, 30,000 லிட்டர் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். அதை 1,000 சதுர மீட்டர் வயலில் பாய்ச்சினால், 30 மில்லிமீட்டர் மழைக்குத்தான் சமம். இதைக் கேட்டு, ‘இவ்வளவுதானா?’ என்று பலரும் உதட்டைப் பிதுக்கக்கூடும்.

ஆனால், பயிருக்கு நீரின் அளவைவிட அது வந்துசேரும் வேளை முக்கியம். டிங்சியில் வசந்த காலத்தின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கை நடுகிறார்கள். மழையில் பாதிக்கும் மேல் சூலை முதல் செப்டம்பர் வரையே பெய்கிறது. முளைவிட்டு வளரும் மே, சூன் மாதங்களில் வானம் பெரும்பாலும் ஏமாற்றிவிடும். உருளைக்கிழங்குச் செடியின் வேர் ஆழமாகப் போவதில்லை. மேல்மண் காய்ந்தால் செடியும் வாடும். கிழங்கு பிடிக்கத் தொடங்கும் நாள்களில் நீர் இல்லாவிட்டால் கிழங்குகளின் எண்ணிக்கை குறைந்துவிடும். அதன் பிறகு மழை கொட்டினாலும் இழந்த எண்ணிக்கை திரும்ப வராது. தாகத்தால் மயங்கி விழுந்தவருக்கு ஒரு குவளை நீர் எப்படியோ, அப்படித்தான் அந்த நாள்களில் ஒவ்வொரு செடியின் அடியிலும் ஊற்றப்படும் சிறிதளவு நீர். சென்ற ஆண்டு இலையுதிர்காலத்தில் பெய்த மழை, இந்த ஆண்டுக் கோடையின் தொடக்கத்தில் செடியைக் காப்பாற்றுகிறது.

இப்போது ஒரு புதிய கேள்வி எழுகிறது. தாவ் ஆற்றின் நீரை டிங்சிக்குக் கொண்டுவரும் கால்வாய்த் திட்டம் 1958இல் தொடங்கப்பட்டு, 1961இல் கைவிடப்பட்டது. 2006இல் மீண்டும் தொடங்கிய வேலையின் முதற்கட்டம் 2014இல்தான் நிறைவுற்றது. ஆற்றுநீர் வந்த பிறகு பழைய தொட்டி எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமான கேள்வியே. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் குழாய்நீரே சிறந்தது, அதில் ஐயமில்லை. தொட்டிநீரைக் காய்ச்சிக் குடிக்கும் சிரமம் இனி யாருக்கும் வேண்டாம்.

உருளைக்கிழங்கு வயலின் நிலை வேறு. அவ்வயல்களில் பல குன்றுச் சரிவில், படிப்படியாக வெட்டிய நிலத்தில் இருக்கின்றன. கால்வாய் நீர் தாழ்ந்த இடத்தைத் தேடி ஓடும். குன்றின் மேலே ஏறாது. ஏற்றுவதற்கு மோட்டார் வேண்டும், மின்சாரம் வேண்டும். சரிவிலேயே, வயலுக்குச் சற்று மேலே தொட்டி இருந்தால், நீர் தானாகவே இறங்கி வரும். மேலும், அந்த மஞ்சள் மண் மிகவும் மென்மையானது. பெருமழை அதைக் கரைத்து, மஞ்சள் ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பாதையிலும் களத்துமேட்டிலும் ஓடும் நீரைத் தொட்டிக்குள் திருப்பினால், மண்ணும் ஓரளவு தப்பும். கால்வாயால் இதைச் செய்ய முடியாது.

தொட்டியிலும் குறை உண்டு. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்தால் அது வெறும் குழிதான். மண்ணின் ஈரத்தைக் காக்க விரிக்கும் பிளாஸ்டிக் தாளையும் இங்குச் சொல்ல வேண்டும். அது விளைச்சலைக் கூட்டுகிறது. அறுவடைக்குப் பின் முழுமையாக அகற்றாவிட்டால் கிழிந்து மண்ணோடு கலந்து நிலத்தைக் கெடுக்கிறது. ஆகவே, தொட்டி ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்கும் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இருந்தாலும், 2015இல் சீன அரசு உருளைக்கிழங்கை அரிசி, கோதுமை போன்ற முதன்மை உணவாக வளர்க்கப்போவதாக அறிவித்தது. அப்படியானால், அதை விளைவிக்கும் வறண்ட குன்றுகளின் தொட்டிகளுக்கும் பணம் ஒதுக்குவதே முறை. புதிதாகத் தோண்டுவதைவிட, இருப்பவற்றைப் பேணுவதற்கே அதிகம் தேவைப்படும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் அடியில் படிந்த வண்டலை அள்ளி வெளியேற்ற வேண்டும். சுவரில் விழுந்த வெடிப்பை அடைக்க வேண்டும். குழிக்குள் இறங்கிச் செய்யும் வேலை அது. கிராமத்து இளைஞர்களில் பலர் நகரங்களுக்கு வேலை தேடிப் போய்விட்ட நிலையில், அந்த வேலையை முதியவர்களின் தலையில் சுமத்திவிட முடியாது. அதைச் செய்பவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். கால்வாய்க்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கே அதற்குப் போதும்.