கிணறு நமது, நீர் எல்லோருக்கும் உரியது

கற்பிட்டியில் கிணறு இல்லாத வளவைக் காண்பது அரிது. ஆனாலும் குடிக்கும் நீரை விலைக்கு வாங்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. காரணம் மழைக்குறைவு மட்டுமல்ல. நிலத்துக்கு மேலே நாம் செய்வதும் ஒரு காரணம் என்பதே என் கருத்து.

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் புத்தளம் களப்பும் சூழ்ந்த மணல் நிலம் இது. இங்கே ஆறு இல்லை. மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரைவிட அடர்த்தி குறைந்ததால் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை இருக்கும் என்பது விஞ்ஞானக் கணக்கு. மேலே சிறிது குறைந்தாலும் கீழிருந்து உப்பு பல மடங்கு ஏறும். ஆகவே "கிணற்றை இன்னும் ஆழமாக்கினால் சரி" என்பது தவறான எண்ணம்.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் பசளையை மணல் பிடித்து வைப்பதில்லை. பாய்ச்சும் நீரோடு அது நைத்திரேற்றாகக் கீழே இறங்குகிறது. மலசலகூடக் குழிகளிலிருந்தும் இது சேர்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கற்பிட்டியில் பல கிணறுகள் இந்த எல்லையைத் தாண்டியுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதற்கு நிறமில்லை, மணமில்லை. உம்மாமார் கவனிக்க வேண்டியது ஒன்று: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும்.

விவசாயிகளை நான் குற்றம் சொல்லவில்லை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்களுக்கும் இந்த மணல்தான் சோறு போட்டது. தோட்டத்தை மூடு என்பது தீர்வாகாது. அளவறிந்து செய் என்பதே தீர்வு. விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, பசளையைச் சிறிது சிறிதாகப் பிரித்து இடலாம். கைக்குழந்தை உள்ள வீட்டுக் கிணறுகளை ஆண்டுதோறும் பரிசோதித்து, முடிவை வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். வடகீழ்ப் பருவ மழையைப் பாடசாலைக் கூரையிலும் பள்ளிவாசல் கூரையிலும் பிடித்துச் சேமிக்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் வுழூச் செய்தார்கள் என்று படிக்கிறோம். அது இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவுதான். அந்தச் சிக்கனம் வுழூச் செய்யும் இடத்தோடு நின்றுவிடாமல் தோட்டத்து மோட்டருக்கும் போக வேண்டும்.

வளவுக்கு வேலி உண்டு. மணலுக்குள் ஓடும் நீருக்கு வேலி இல்லை. என் வளவில் நான் கொட்டுவதை அடுத்த வீட்டுக் குழந்தை குடிக்கிறது. பெற்றோரே, தோழிகளே, இதை நினைவில் வைத்து மோட்டர் ஆளியைப் போடுங்கள்.